இரசாயனப் பொறியியலிற் கலாநிதிப் பட்டம்: வேண்டப்படும் தகைமைகளும் குடாநாட்டின் வினாக்களும்

'கலாநிதி' என்னுஞ் சொல் எமது ஊர்களின் விழா அழைப்பிதழ்களிற் பெயருக்கு முன் நிற்கும் ஓர் அணியாகவே பெரும்பாலும் விளங்குகின்றது. அப்பட்டம் எவ்வாறு பெறப்படுகின்றது, அதனைப் பெறுவோர் எதனைச் செய்துகாட்ட வேண்டியவராகின்றனர் என்பவற்றைத் தெளிவாக அறிந்தோர் சிலரே. அதிலும் இரசாயனப் பொறியியல் என்னுந் துறையில் அப்பட்டம் யாது குறிக்கின்றது என்பது பட்டதாரிகள் பலருக்குங்கூடத் தெளிவற்றதாகவே உள்ளது. யாழ்ப்பாணக் குடாநாட்டை நிலைக்களனாகக் கொண்டு அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பரீட்சைகளும் ஆண்டுக் கணக்குகளும் இப்பட்டத்தின் புறத்தகைமைகள் மாத்திரமே. இதுவரை விடை காணப்படாத, விடை காணத்தக்க ஒரு வினாவைத் தெரிந்தெடுக்கும் ஆற்றலே அதன் அகத்தகைமை என்பது எமது கருத்து. அத்தகைய வினாக்கள் குடாநாட்டின் கிணறுகளிலும் கரைகளிலும் நிறைந்துள்ளன என்பதனையும் ஈண்டு எடுத்துக்காட்ட முயல்வோம்.

இரசாயனவியலும் இரசாயனப் பொறியியலும்

முதலில் இவ்விரு துறைகளுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை நோக்குவாம். பொருள்கள் எவ்வாறு தாக்கமுறுகின்றன, அத்தாக்கத்தால் எவை தோன்றுகின்றன என இரசாயனவியலாளர் ஆராய்கின்றனர். அதே தாக்கத்தை நாளொன்றுக்குப் பல தொன் அளவில், இடையறாது, ஆபத்தின்றி, கட்டுப்படியாகும் செலவில் நடத்துவது எவ்வாறு என்பது இரசாயனப் பொறியியலாளரின் வினாவாகும். இரண்டாவது வினா முதலாவதன் வெறும் பெருக்கம் அன்று. ஓர் எளிய கணக்கால் இதனை விளக்கலாம். ஒரு கலத்தின் நீள அகல உயரங்களை 10 மடங்காக்கினால் அதன் கனவளவு 1,000 மடங்காகும். ஆனால் அதன் மேற்பரப்பு 100 மடங்கே ஆகும். தாக்கத்தில் வெப்பம் பிறக்குமாயின், அது கனவளவுக்கேற்பப் பிறந்து மேற்பரப்பின் வழியே வெளியேற வேண்டும். எனவே ஒவ்வோர் இலீற்றர் திரவத்துக்கும் கிடைக்கும் குளிர்த்தும் பரப்பு பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடுகின்றது. ஆய்வுகூடக் குடுவையில் அமைதியாக நடந்த தாக்கம் பெருங்கலத்தில் வெடிக்கக்கூடும். இவ்விடைவெளியை அறிவாலும் அளவீட்டாலும் கடப்பதே இத்துறையின் உயிர்நாடி.

இத்துறை தனித்த ஒன்றாக உருவானது அண்மைக் காலத்திலேயாகும். இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரில் ஜோர்ஜ் டேவிஸ் 1887இல் நிகழ்த்திய விரிவுரைகள் அதன் தொடக்கமாகக் கருதப்படுகின்றன. அடுத்த ஆண்டிலே அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் அதற்கெனப் பாடநெறி ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. 1915இல் ஆதர் லிற்றில் 'அலகுச் செயன்முறை' என்னுங் கருத்தை முன்வைத்தார். சீனி ஆலையாயினும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமாயினும், அங்கு நிகழ்வன ஆவியாக்கல், வடித்தல், வடிகட்டல், உலர்த்தல் முதலிய சில பொதுச் செயன்முறைகளின் சேர்க்கையே என்பது அக்கருத்து. 1960இல் பேட், ஸ்ரூவேட், லைற்பூட் ஆகிய மூவரும் வெளியிட்ட நூல், அச்செயன்முறைகளுக்கும் அடியில் நிற்பவை உந்தம், வெப்பம், திணிவு ஆகியவற்றின் கடத்தல் விதிகளே எனக் காட்டியது. கலாநிதிப் பட்ட மாணவர் இன்று கற்கும் அடிப்படை பெரும்பாலும் இவ்வழி வந்ததாகும்.

நாம் அறிந்த மூன்று தொழில்கள்

இவையெல்லாம் எமக்குத் தொலைவானவை அல்ல. 1950இல் நிறுவப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையைக் கருதுவோம். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லும் முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்த களிமண்ணும் அங்கு ஏறத்தாழ 1,450 பாகை வெப்பநிலையில் இணைந்தன. தூய கல்சியங் காபனேற்று 100 கிலோகிராம் சூடாக்கப்படும்போது 56 கிலோகிராம் நீறாத சுண்ணாம்பும் 44 கிலோகிராம் காபனீரொட்சைட்டும் கிடைக்கின்றன. உள்ளே செல்வதும் வெளியே வருவதும் சமமாதல் வேண்டும் என்னும் இத்திணிவுச் சமநிலையே இரசாயனப் பொறியியல் மாணவரின் முதற் பாடமாகும்.

ஆனையிறவு உப்பளம் மற்றோர் எடுத்துக்காட்டு. கடல்நீர் வெயிலில் வற்றும்போது முதலிற் கல்சியங் காபனேற்றும், பின்னர் கல்சியஞ் சல்பேற்றும், அதன் பின்னரே கறியுப்பும் படிகின்றன. எஞ்சும் கசப்பு நீரில் மகனீசிய, பொற்றாசிய உப்புகள் தங்குகின்றன. பாத்திகளை வரிசையாக அமைத்து, உரிய செறிவில் நீரை அடுத்த பாத்திக்கு மாற்றும் உப்பளத் தொழிலாளி, ஏட்டுப் பெயர் அறியாமலே பகுதிபடப் பளிங்காக்கல் என்னும் அலகுச் செயன்முறையை நடத்துபவரே.

ஏரிக்கு அப்பால், பெருநிலப்பரப்பில், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை உப்புக் கரைசலை மின்பகுத்து எரிசோடாவும் குளோரீனும் உற்பத்தி செய்தது. எரிசோடா 40 பங்கு உண்டாகும்போது குளோரீன் 35.5 பங்கு உண்டாகியே தீரும். ஒன்றுக்குச் சந்தை இருந்து மற்றதற்கு இல்லையெனில், மிகுந்த நச்சுவாயுவை என் செய்வது? இயற்கை விதித்த இவ்விகிதம் பொருளாதார வினாவாகவும் பாதுகாப்பு வினாவாகவும் மாறுகின்றது.

இம்மூன்றும் போரினால் நிலைகுலைந்தன. சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் மூடப்பட்டது. பரந்தனில் உற்பத்தி நின்றது. உப்பளம் போர்க்களமாகிப் பல ஆண்டுகளின் பின்னரே மீண்டும் இயங்கலாயிற்று. இடிந்த கட்டடங்களை யாவரும் கண்டோம். அங்கு பணியாற்றியோர் சேர்த்த செயன்முறை அறிவு, பதிவுகளாகவோ ஆய்வேடுகளாகவோ பல்கலைக்கழக மரபாகவோ போதியளவு நிலைபெறாமற் போனமை கண்ணுக்குப் புலப்படாத இழப்பாகும். தொழிற்சாலை அழிந்தாலும் அறிவு எஞ்ச வேண்டுமாயின், அதனை எழுதிவைக்கும் ஆய்வு மரபு ஒன்று அருகில் இருந்திருத்தல் வேண்டும். கலாநிதிப் பட்டத்தின் சமூகப் பயனை நாம் இந்நோக்கிலேயே மதிப்பிடுகின்றோம்.

புறத்தகைமைகள்

இனி, பட்டத்துக்கு விதிக்கப்படும் நிபந்தனைகளை ஒழுங்காக நோக்குவாம். பொறியியலிற் கலாநிதிப் பட்டம் வழங்கும் உரிமையைப் பிரசியாவின் தொழினுட்ப உயர்கல்லூரிகள் 1899இலேயே பெற்றன. இங்கிலாந்தில் கலாநிதிப் பட்டம் 1917 அளவிலேயே வழக்குக்கு வந்தது. இவ்வேறுபட்ட மரபுகளால், நாட்டுக்கு நாடு நடைமுறையும் வேறுபடுகின்றது.

இலங்கையில், தகைமைகள் சட்டகத்தின்படி கலாநிதிப் பட்டம் 12ஆம் நிலையாகிய உச்சநிலையில் வைக்கப்பட்டுள்ளது. நான்காண்டுச் சிறப்புப் பட்டம் 6ஆம் நிலையிலும், ஆய்வு வழிப் பெறும் முதுதத்துவமாணிப் பட்டம் 11ஆம் நிலையிலும் உள்ளன. கலாநிதிப் பட்டத்துக்கு முழுநேரமாக மூன்றாண்டுகளுக்குக் குறையாத சுய ஆய்வு வேண்டப்படுகின்றது. சிறப்புப் பட்டதாரி ஒருவர் முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிவுசெய்து, தமது ஆய்வின் வளர்ச்சியைக் குழுவொன்றின் முன் நிறுவிய பின்னர் கலாநிதிப் பட்டத்துக்கு உயர்த்தப்படும் வழக்கமும் உண்டு. இந்தியாவில், 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழு விதிகளின்படி மூன்றாண்டு கீழெல்லை, ஆறாண்டு மேலெல்லை, பாடநெறிகளும் கட்டாயமானவை. பிரித்தானியாவிற் பாடநெறிகள் குறைவு. மாணவர் பெரும்பாலும் நேரே ஆய்வில் இறங்குவர். அமெரிக்காவிலோ இளமாணிப் பட்டத்துடனேயே சேரலாம். ஆனால் முதலில் வெப்பவியக்கவியல், கடத்தல் தோற்றப்பாடுகள், தாக்கப் பொறியியல், பிரயோக கணிதம் ஆகியவற்றை உயர்நிலையிற் கற்றுத் தகுதிகாண் பரீட்சையிற் சித்தியடைதல் வேண்டும். அதன் பின்னர் ஆய்வுத் திட்டத்தைக் குழுவின் முன் வைத்து ஏற்புப் பெறவேண்டும். இவ்வனைத்துக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் செல்லும்.

பெரும்பாலான நாடுகளில் இறுதிக் கட்டம் ஏறத்தாழ ஒன்றே. மாணவர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கின்றார். மேற்பார்வையாளரல்லாத பரீட்சகர், குறிப்பாக வெளிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவர், அதனைப் படிக்கின்றார். வாய்மொழிப் பரீட்சையில் மாணவர் தமது முடிவைக் காத்து நிற்றல் வேண்டும். அங்கு கேட்கப்படும் வினாக்கள் சிலவற்றைக் கூறலாம். இவ்வளவீட்டின் வழு எவ்வளவு? இப்பரிசோதனையை மற்றொருவர் செய்தால் இதே விடை வருமா? இவ்விடைக்கு வேறு விளக்கம் இல்லையென எவ்வாறு அறிந்தீர்? ஆய்வுகூடத்தில் ஒரு குழாயிற் கண்ட முடிவு ஒரு தொழிற்சாலைக்குப் பொருந்தும் என்பதற்கு ஆதாரம் யாது? 'நான் அறியேன், அதனை அறியும் வழி இது' எனக் கூறக் கற்றவரே இப்பரீட்சையில் உறுதியாக நிற்பார்.

புதியது என்பது யாது?

ஆய்வேடு 'அறிவுக்குப் புதிய பங்களிப்பு' ஒன்றை வழங்க வேண்டுமென விதிகள் கூறும். இச்சொற்றொடர் மாணவரை அச்சுறுத்துவது. சில வேளைகளில் ஏமாற்றுவதும் ஆகும். இதன் பொருளை இரு சான்றுகளால் விளக்குவோம்.

முதலாவது சான்று எம்மவரிடமிருந்தே கிடைக்கின்றது. வடமராட்சியைச் சேர்ந்த பேராசிரியர் அழகையா துரைராசா 1988 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கினார். அவரது துறை குடிசார் பொறியியலாயினும், பொறியியற் கலாநிதி ஆய்வின் இயல்பை விளக்க அவரது பணி பெரிதும் ஏற்றது. 1960களின் தொடக்கத்திற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அவர் களியும் மணலும் நறுக்கப்படும்போது சக்தி எவ்வாறு விரயமாகின்றது என ஆராய்ந்தார். 1963இல் றொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை, மண்பொறியியலின் அடிப்படைகளுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகின்றது. களிமண் புதியதன்று, நறுக்கும் கருவியும் புதியதன்று. அளவீடுகளுள் மறைந்திருந்த ஓர் எளிய ஒழுங்கை இனங்கண்டமையே புதியது.

இரண்டாவது சான்று இரசாயனப் பொறியியலுக்கே உரியது. நீரை மாத்திரம் செல்லவிட்டு உப்பைத் தடுக்கும் மென்சவ்வொன்றின் இருபுறமும் நன்னீரும் உப்புநீரும் இருப்பின், நன்னீர் உப்புநீரை நோக்கிச் செல்லும், இதுவே பிரசாரணம். உப்புநீர்ப் பக்கத்திற் போதிய அமுக்கம் கொடுத்தால் ஓட்டம் திசைமாறி நன்னீர் பிரிந்து வரும். செலுலோசு அசற்றேற்று என்னும் பதார்த்தம் உப்பைத் தடுக்கும் என்பது 1950களிலேயே அறியப்பட்டிருந்தது. ஆயினும் அதனூடு வந்த நீர் துளித்துளியாகவே வந்தமையால் எவருக்கும் பயன்படவில்லை. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவிற் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் அதே பதார்த்தத்தைக்கொண்டு, மேலே மிக மெல்லிய செறிந்த படையும் கீழே நுண்டுளைகள் நிறைந்த தடித்த படையும் அமைந்த சவ்வொன்றை ஆக்கினர். உப்பைத் தடுக்கும் வேலையை மேற்படை செய்தது. தாங்கும் வேலையைக் கீழ்ப்படை செய்தது. நீரோட்டம் பன்மடங்காயிற்று. 1965இல் கலிபோர்ணியாவின் கோலிங்கா என்னும் சிற்றூர் இம்முறையால் நன்னீர் பெற்றது. பதார்த்தம் பழையது, அமைப்பே புதியது. தடிப்பைக் குறைத்தால் ஓட்டம் கூடும் என்னும் திணிவுக் கடத்தல் விதியைச் செய்கையாக்கியதே அவர்தம் பங்களிப்பு.

குடாநாடு எழுப்பும் வினாக்கள்

அச்சவ்வின் வழித்தோன்றல்கள் இன்று எம்மிடமே வந்து சேர்ந்துள்ளன. வடமராட்சி கிழக்கிலே தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் ஆக்கக்கூடிய கடல்நீர் நன்னீராக்கல் நிலையம் 2024இல் திறந்துவைக்கப்பட்டது. இதனை ஓர் ஆய்வு மாணவரின் கண்கொண்டு நோக்குவோம். சாதாரண கடல்நீரின் பாதியை நன்னீராக்குவதற்குக் கொள்கையளவில் வேண்டப்படும் குறைந்தபட்ச சக்தி கனமீற்றருக்கு ஏறத்தாழ 1 அலகு மின்சாரம். ஆனால் உலகின் சிறந்த நிலையங்களிலும் முன்சுத்திகரிப்பு முதலியவற்றையும் சேர்த்து 3 முதல் 4 அலகு வரை செலவாகின்றது. 24,000 கனமீற்றருக்கு இவ்வீதப்படி நாளொன்றுக்கு 70,000 அலகுக்கு மேல் வேண்டும். ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையிலுள்ள இடைவெளி எங்கே இழக்கப்படுகின்றது? சவ்வின் மேற் படியும் உயிர்ப்படலத்தை எமது கடலின் வெப்பநிலையில் எவ்வாறு தடுப்பது? எஞ்சும் செறிந்த உப்புநீரை ஆழங்குறைந்த கரையோரக் கடல் எவ்வளவுக்குத் தாங்கும்? அதனைக் கடலுக்கே அனுப்பாது உப்பளத்துக்கு அனுப்பலாகுமா? இவை ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேட்டுக்கு இடந்தரும் வினாக்களே. கரையில் வலைவீசும் குடும்பங்களுக்கும் இவற்றின் விடை வேண்டும்.

இதனினும் பழைய வினா எமது கிணறுகளில் உள்ளது. குடாநாட்டின் நிலத்தடிநீர் சுண்ணாம்புக்கற் படையில் தங்குவது. மழைநீர் அதனுள் விரைந்து இறங்குவது போலவே, தோட்டங்களுக்கு இடும் நைதரசன் உரமும் மலசலகூடக் குழிகளின் கசிவும் இறங்குகின்றன. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்துள்ளமையை 1980களிலேயே ஆய்வாளர் எடுத்துரைத்தனர். குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். போத்தற்பாலூட்டப்படும் சிசுக்களுக்கு அது தரும் ஆபத்து தெளிவாக அறியப்பட்டுள்ளது. இங்கு இரசாயனவியலாளரின் பணி பெரும்பாலும் நிறைவேறிவிட்டது: எங்கே, எவ்வளவு என்பது பலமுறை அளக்கப்பட்டாயிற்று. அடுத்த வினாவே பொறியியலாளருக்குரியது. அயன்மாற்றுப் பிசினால் நைத்திரேற்றை நீக்கலாம். ஆனால் பிசினை மீளாக்கும்போது நைத்திரேற்றுச் செறிந்த உப்புநீர் வெளிவரும். துளைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் நிலத்தில் அதனை எங்கே ஊற்றுவது? ஊற்றினால் அயல் வீட்டுக் கிணற்றுக்கே அது செல்லும். நுண்ணுயிர்களைக்கொண்டு நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக மாற்றினால் இக்கழிவு இல்லை. ஆனால் அந்நுண்ணுயிர்களுக்குக் காபன் உணவு வேண்டும். தென்னந்தும்போ பனைமரத்தூளோ அவ்வுணவாகுமா? எவ்வளவு காலம் நீடிக்கும்? நீர் கலத்தில் எத்தனை மணிநேரம் தங்கவேண்டும்? வெளிவரும் நீரில் நிறமும் கிருமியும் எஞ்சாவா? நிரப்பிய கலமொன்றின் தாக்க வேகத்தையும் ஓட்டத்தையும் அளந்து, ஒரு வீட்டுக்கும் ஓர் ஊருக்கும் ஏற்ற அளவைக் கணித்துத் தருபவர் கலாநிதிப் பட்டத்துக்கு முற்றும் உரியவராவார்.

வாய்ப்பும் வழியும்

வினா இங்கே இருக்க, பட்டம் பெறும் இடம் எங்கே? 1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியற்பீடம் கிடைத்தது மிகப் பிந்தியே. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2014இல் அதன் கற்பித்தல் ஆரம்பமாயிற்று. குடிசார், மின், இயந்திர, கணினிப் பொறியியற்றுறைகள் அங்கு தொடங்கப்பட்டன. இரசாயனப் பொறியியலுக்குத் தனித்துறை இடம்பெறவில்லை. அத்துறையைக் கற்க விரும்பிய எம்மாணவர் பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ சென்றனர். அங்கிருந்து கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு சென்றோர் பலர், மீண்டோர் சிலர்.

வெளிநாட்டு ஆய்வுபற்றி ஒன்றை வெளிப்படையாகக் கூறவேண்டும். அங்கு மாணவரின் உதவித்தொகை பெரும்பாலும் மேற்பார்வையாளரின் ஆய்வுநிதியிலிருந்தே வருகின்றது. அந்நிதியை வழங்கும் அரசோ கம்பனியோதான் வினாவைத் தீர்மானிக்கின்றது. எனவே எம்மவர் தம் இளமையின் ஐந்தாண்டுகளை இரவல் வினாவொன்றுக்கு வழங்குகின்றனர். இதனால் அவ்வாய்வு பயனற்றது என நாம் கூறவில்லை. முறைமையைக் கற்றவர் எவ்வினாவையும் அணுகலாம். துரைராசாவின் வாழ்வே அதற்குச் சான்று. ஆயினும் எமது கிணறுகளைப்பற்றிய வினாவைப் பிறநாட்டு நிதி தானாக வந்து எழுப்பும் எனக் காத்திருத்தல் பேதைமை.

தனித்துறை அமையும்வரை செய்யத்தக்கன சில உள. திருநெல்வேலியிலுள்ள இரசாயனவியற்றுறையின் ஆய்வுகூடமும், பேராதனை அல்லது மொறட்டுவையின் செயன்முறைப் பொறியியல் அறிவும் இணைந்து ஒரு மாணவரைக் கூட்டாக மேற்பார்வை செய்யலாம். அம்மாணவரின் பரிசோதனைக் கலம் மாவட்டத்தின் ஏதேனுமொரு தோட்டக் கிணற்றருகில் நிறுவப்படலாம். தாளையடி நிலையத்தின் நாளாந்த அளவீடுகள் ஆய்வாளருக்குத் திறந்துவிடப்படவேண்டும். புலம்பெயர்ந்த கலாநிதிகள், விழாவுக்கு வரும் அழைப்பினின்றும் வேறான ஓர் அழைப்பை, அதாவது இணைமேற்பார்வையாளராகவும் வெளிப்பரீட்சகராகவும் பணியாற்றும் அழைப்பை ஏற்றல் வேண்டும்.

இறுதியாக, மொழிபற்றி ஒரு சொல். மானிப்பாயில் மருத்துவங் கற்பித்த சாமுவேல் கிறீனின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875இலேயே தமிழில் வெளிவந்தது. ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்படுவது தவிர்க்கவியலாததாயினும், அதன் முடிவு தமிழிற் சில பக்கங்களிலாவது கிணற்றுக்காரரிடம் சேர்வதற்கு எவ்விதியும் தடையன்று. நீரை மாதிரிக்கு அள்ளிக் கொடுத்தவர், அந்நீரைத் தம் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்கின்றார். வாய்மொழிப் பரீட்சையிற் கேட்கப்படும் வினாக்களோடு அவ்வினாவுக்கும் விடைகூறக் கடமைப்பட்டவரே கலாநிதி எனக் கொள்வோம்.